வாசலில் வரைந்த செருப்புகள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு, மொட்டைத் தலையோடு மடத்துக்குத் திரும்பினார் வெயிலுமுத்து. வயது நாற்பத்து நான்கு. குருவுக்கு அவரைவிட மூன்று வயது குறைவு. அதனால் சீடர்தான் என்றாலும் குரு அவரை ஒருமையில் அழைத்ததில்லை.

குரு சமையல்கட்டில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. அப்பாவைப் பத்திச் சொல்லுங்க."

"பேரு தங்கமாடன். பதினேழு வருஷம் பட்டாளத்துல வண்டி மெக்கானிக். அப்புறம் முப்பது வருஷம் சங்கரன்கோவில்ல லாரி ஒர்க்‌ஷாப். எங்க மூணு பேரையும் படிக்க வச்சாரு."

"இவ்வளவும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயே போட்டிருப்பாங்களே."

வெயிலுமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"அக்கா கல்யாணத்தன்னைக்குக்கூட காலையில ஒரு லாரிக்கு கிளட்ச் மாத்திட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தாரு சாமி. தாரை வார்க்கும்போது நகமெல்லாம் கிரீஸ்."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. பாதியில் அது அழுகையாகிவிட்டது. குரு காயை உரித்துக்கொண்டே இருந்தார்.

"ஏழு வருஷமா இங்க இருக்கேன். பஸ் ஏறினா மூணு மணி நேரம். அம்மா வந்தா, அக்கா வந்தா. அவர் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கல. சொல்லாமக் கிளம்பி வந்தது தப்புதான். அதுக்காகப் பெத்த மகனைத் தலைமுழுகிட்டாரா? சாகுறப்பவாவது மன்னிச்சாரா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும் சாமி."

"வீட்டுல என்ன நடந்தது?"

வெயிலுமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்களாம். சாயங்காலம் ஒரு உருவம் காலியாக இருந்தால் ஒரு சாமான் குறைகிறது என்று அர்த்தம். அது கிடைக்கும்வரை ஒருவரும் சாப்பிடப் போக முடியாது. தங்கமாடன் இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வாசல் சிமெண்டுத் தரையில் ஐந்து பேருடைய செருப்புக்கும் கருப்புப் பெயிண்டால் உருவம் வரைந்திருந்தார். எல்லாச் செருப்பும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் சோற்றில் கை வைப்பார். கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போன அக்காவும் தம்பியும்கூடச் சாயங்காலம் ஒரு நடை வந்து செருப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். தெருவே இதைச் சொல்லிச் சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"காரியத்துக்கு முந்தின நாள் வாசலைக் கழுவினேன் சாமி. மத்த நாலும் மங்கிப் போய்க் கிடக்கு. என்னோடது மட்டும் கருகருன்னு புதுசா இருக்கு. ஓடிப்போனவன்னு குத்திக்காட்டத்தான் இப்படி வச்சிருக்காருன்னு நினைச்சேன். ஆத்திரத்துல செங்கல்லை எடுத்துத் தேய்ச்சு அழிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சா. 'வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அஞ்சுக்கும்தானலே பெயிண்ட் அடிப்பாரு. மத்ததெல்லாம் செருப்பு பட்டுப் பட்டுத் தேஞ்சு போச்சு. உன்னோடதுல யாருலே செருப்பு விட்டா?'ன்னு கேட்டா."

குரு கையிலிருந்த காயைக் கீழே வைத்தார்.

"உங்க அப்பா இங்க வந்தாரு."

வெயிலுமுத்து நிமிர்ந்தார்.

"ஆயுத பூஜைக்கு மறுநாள், ஒர்க்‌ஷாப் லீவுல வருவாரு. நீங்க எல்லாரும் மண்டபத்துக்குள்ள பாராயணத்துல இருப்பீங்க. நான் தோட்டத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பேன். வாசல்ல கிடக்கிற செருப்பை ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே நடப்பாரு. இடது குதிகால் தேஞ்ச உங்க செருப்பைக் கண்டதும் நின்னுருவாரு. கொஞ்ச நேரம் அப்படியே நிப்பாரு. அப்புறம், அவன்கிட்டச் சொல்லிராதீங்க சாமின்னு கும்பிட்டுட்டுக் கிளம்பிருவாரு. ஏழு வருஷமும் வந்தாரு."

வெயிலுமுத்து மொட்டைத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இருபதடி தூரத்துல இருந்திருக்கேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே சாமி?"

"நானும் அதைத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'கூப்பிட்டா என்கூடக் கிளம்பிருவான் சாமி'ன்னாரு."