பொய் மினுக்கு

"இந்த அஞ்சுல உங்களோடது எத்தனை, மேடம்?" என்று கேட்டார் சவரிமுத்து.

கமலவேணி மேசைமேல் கிடந்த உறையின் அரக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஆசிரியைக்கு நாற்பத்து நான்கு வயது. மாணவர் சவரிமுத்துவுக்கு ஐம்பத்தொன்று. கல்லூரி வேலையை உதறிவிட்டு, தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்க வந்தவர். பதினோரு வருடம் ஓடிவிட்டது.

அவர்களின் ஆய்வுக்கூடம் இருந்தது கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தில். தொள்ளாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி. அதில் குளிரவைத்துத் திரவமாக்கிய ஜெனான் வாயு.

விண்மீன் கூட்டங்களைச் சிதறவிடாமல் பிடித்து வைத்திருப்பது கரும்பொருள் என்கிறார்கள். பார்த்தவர் இல்லை. அதன் துகள் ஒன்று என்றைக்காவது ஜெனான் அணுவில் மோதினால், தொட்டிக்குள் ஒரு மினுக்கு தெரியும்.

அந்த மினுக்குக்காகத்தான் பதினோரு வருடம்.

இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு ஓர் ஆபீஸா என்று சவரிமுத்துவின் மனைவி கேட்பதுண்டு. முதலில் சிரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சிரிக்காமல்.

இனிமேல் காத்திருக்கவும் வழியில்லை. ஜெனான் இரவல் வாங்கியது. திங்கட்கிழமை வடிக்கப் போகிறார்கள். கடைசி நான்கு வருடப் பதிவில் அந்த மினுக்கு இருந்தால் உண்டு.

ஆசையோடு பார்க்கிறவனுக்கு எந்த மினுக்கும் கரும்பொருளாகத்தான் தெரியும். அதற்காக அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள்.

உண்மைப் பதிவுகளுக்கு நடுவே ஆசிரியை சில பொய் மினுக்குகளைக் கலந்துவிடுவார். எத்தனை, எந்த நாள், எந்த நொடி என்று தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்துவிடுவார். எது பொய், எது இல்லை என்று அதுவரை வாய் திறக்கக் கூடாது. மாணவர் பட்டியலை முடித்து, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே உறை திறக்கும். அதற்குப் பின் பட்டியலில் பொய்களை அடிக்கலாம். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது.

சவரிமுத்துவின் பட்டியலில் ஐந்து இருந்தன.

"நானே சொல்லிடவா?" என்றார் அவர். "ஒண்ணுகூட உங்களோடது இல்லை."

"அவ்வளவு நிச்சயமா?"

"பதினோரு வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்குறேன். உங்க கை எனக்குத் தெரியாதா?"

"அப்ப நீங்களே திறங்க, சவரி சார்."

அவர் திறந்தார். தாளில் ஐந்து வரிகள்.

தன் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, விரல் வைத்து ஒப்பிட்டார். முதல் நாள் சரியாக இருந்தது. நொடியும் சரியாக இருந்தது. இரண்டாவதும். மூன்றாவதும். ஐந்தாவது வரை அப்படியே பொருந்திப் போயிற்று.

"அஞ்சும்..."

"அஞ்சும் நான் போட்டதுதான்."

"இவ்வளவு கோணல்மாணலாவா போடுவீங்க?"

"நேராப் போட்டா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களே."

சவரிமுத்து தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. உறையைக் கவிழ்த்து உதறினார்.

"மீதி மூணு எங்க?"

"எந்த மூணு?"

"ஜூலையில மூணு. நான் எடுத்துட்டேனே, அது."

"கரண்ட் தடுமாறிச்சுன்னு எழுதி, அந்த மூணு நாளையே பதிவுலருந்து நீக்கினீங்க."

"தடுமாறினது உண்மைதான்."

"இந்தச் சுரங்கத்துல என்னிக்குத் தடுமாறல?"

சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது மூணும் உங்களோடதுன்னு நினைச்சேன், மேடம். எப்படியும் உறை திறந்தா அடிபட்டுப் போயிடும். உங்க முன்னாடி ஒண்ணுகூட அடிபடாத பட்டியலா வைக்கணும்னு..."

"ம்."

"அப்ப அது யாரோடது?"

"தெரியாது. என்னோடது இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வெளியே சுரங்கத்தின் லிப்ட் கூண்டு மேலே வந்து நின்றது. ஆட்கள் இறங்கிப் பேசிக்கொண்டே போனார்கள். 

"சேர்த்துடலாம், மேடம். மூணு நாள்தானே? அசல் பதிவு பத்திரமா இருக்கு."

"இப்ப சேர்த்தா, வேணும்னு சேர்த்தது. யாரும் நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன்."

"நான் நீக்கும்போதே அது உங்களோடது இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் எழுதின காரணத்தைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்க."

"ஆமா."

"அன்னிக்கு மத்தியானம் கேன்டீன்ல என் எதிர்லதான் உட்கார்ந்திருந்தீங்க. மோர் புளிச்சிருக்குன்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்றது? அது என்னோடது இல்லைன்னு வாயைத் திறந்தா, நாலு வருஷப் பதிவும் குப்பை."

"அதைச் சொல்லியிருக்க வேண்டாம்." சவரிமுத்துவின் குரல் உயர்ந்தது. பதினோரு வருடத்தில் முதல் தடவை. "ஒரு புள்ளி விட்டாலே ஆதாரம் எங்கன்னு கேப்பீங்க. ஒரு கேபிள் மாத்தினதுக்கு மூணு பக்கம் விளக்கம் எழுத வெச்சீங்க. கரண்ட் ரீடிங்கைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கலாமே? வழக்கமா கேக்குறதுதானே? அந்த மூணு நாள் மட்டும் மோசம்னு நான் காட்டியிருக்க முடியாது. மூணும் அப்படியே இருந்திருக்கும். எந்த விதியும் உடைஞ்சிருக்காது."

கமலவேணி பிரித்த உறையை எடுத்து மடித்தார்.

"ஏன் கேக்கல, மேடம்?"

கமலவேணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"முதல்ல நீங்க சொல்லுங்க. அது நான் செஞ்சதுன்னு உங்களுக்கு ஏன் தோணுச்சு?"

சவரிமுத்து தாளைத் தள்ளி வைத்தார்.

"ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. சமன்பாடு எங்க சொல்லுதோ அங்கேயே உட்கார்ந்திருந்துச்சு. மூணும். பாத்ததும் உடம்பு சிலிர்த்துடுச்சு."

"அப்புறம்?"

"நமக்கெல்லாம் நிஜமாவே அப்படி வருமா, மேடம்?"

கமலவேணி சொன்னார்:

"எனக்கும் அதேதான் தோணுச்சு."