புற்றுக்குப் பின்னால் நாலு பேர்

ஆனைமடு ஏரிக்கரையில் மூன்று பாட்டுக்காரர்கள் இருந்தார்கள். செங்கொண்டை என்ற மரங்கொத்தி தாளம் போடுவான். பாசிநாச்சி என்ற தவளை அடிக்குரலில் பாடுவாள். நெடுவால் என்ற சோலைபாடிக் குருவி எந்த மெட்டையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பாடுவான்.

அந்த வருஷம் கோடையில் காட்டுத்தீ வந்தது. ஏரியின் கிழக்குப் பக்கம் முழுக்க எரிந்துபோனது. பெரிய விலங்குகள் தப்பி வந்து, புது இடம் பார்த்து, மறுபடியும் இரை தேடக் கிளம்பிவிட்டன. குட்டிகளால் அப்படி முடியவில்லை. காய்ந்த சருகு சரசரத்தாலே அவை நடுங்கின. ஒரு முயல்குட்டி தீ வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை.

பாசிநாச்சிதான் முதலில் பேச்செடுத்தாள். தினமும் காலையில் கொஞ்ச நேரம் குட்டிகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லித் தரலாம் என்றாள். மற்ற இருவரும் உடனே சரி என்றார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. யாரிடமும் அவர்கள் எதுவும் எதிர்பார்க்கவில்லை.

கரையில் பெரிய மருதமரம் ஒன்று இருந்தது. அது வெண்புருவன் என்ற கருமந்தியின் கூட்டத்துக்குச் சொந்தம். வெண்புருவன்தான் கரைக்கும் தலைவர். நிழலை அவர் தாராளமாகக் கொடுத்தார். கொடுத்த மறுநாளே, குட்டிகளுக்குத் தான்தான் பாட்டு வகுப்பு நடத்துவதாகப் போவோர் வருவோரிடம் சொல்லிக்கொண்டார். பாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

மான்குட்டி வந்தது. கீரிக்குட்டிகள் வந்தன. நீர்நாய்க்குட்டிகள் நனைந்த உடம்போடு வந்தன. பருந்தோ பாம்போ வந்தால் கத்திச் சொல்ல ஓர் ஆள்காட்டிக் குருவி காவலுக்கு நின்றது. எட்டாம் நாள் செங்கொண்டை தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த முயல்குட்டி வாயைத் திறந்து "ம்" என்றது. அதன் தாய் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இந்தச் செய்தி மேற்குக் கரைக்கும் போனது. ஏரியின் அழுகலெல்லாம் ஒதுங்கும் கரை அது. அங்கே பெருச்சாளிகள் வளை தோண்டி வாழ்ந்தன. தீயில் அவர்களும் தப்பி வந்தவர்கள்தான். பாசிநாச்சி நேரிலேயே போய், எல்லாக் குட்டிகளும் வரலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் மண்ணாயி என்ற பெருச்சாளி தன் நான்கு பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். கடைக்குட்டியின் பெயர் சுண்டு. மூத்தவள் தும்பி.

நான்கு பேருக்கும் பாட்டு வரவில்லை. கீச்சுக் கீச்சென்று கத்தினார்கள். ஆனால் காலால் தாளம் மிதிக்கச் சொன்னபோது செங்கொண்டை அசந்துபோனான். நான்கு பேரும் ஒரே கால்போல மிதித்தார்கள். இப்படிப்பட்ட காதுகளைத் தான் பார்த்ததே இல்லை என்று அவன் எல்லாரிடமும் சொன்னான்.

அதைக் கேட்டவர்களுக்குச் சந்தோஷம் வரவில்லை. செம்பட்டை என்ற கீரித்தாய் வெண்புருவனிடம் போனாள். வளையில் கிடப்பவர்களின் நாற்றம் தன் பிள்ளைகள்மேல் ஒட்டுகிறது என்றாள். மான்தாய் நோய் வரும் என்றாள். நீர்நாய்த் தகப்பன், தனக்கு ஒன்றுமில்லை, ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசிப்பதாகச் சொன்னான்.

வெண்புருவன் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. இனிமையாகத்தான் பேசினார்.

"நான் யாரையும் வராதேன்னு சொல்லலை. மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கறையான் புத்து இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னாடி அவங்க உக்காரட்டும். பாட்டு காத்துல போறதுதானே? அங்கேயும் கேக்கும்."

புற்றுக்குள் பாம்பு இருக்காதா என்று பாசிநாச்சி கேட்டாள். அது பழைய புற்று, உள்ளே ஒன்றும் இல்லை என்றார் அவர். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மூவரும் தனியாகப் பேசினார்கள். பாசிநாச்சிக்குக் கொதித்தது. இது அநியாயம் என்றாள். நெடுவால் அவளை அடக்கினான். இப்போது சண்டை போட்டால் நிழல் போய்விடும், முப்பது குட்டிகளின் பாட்டும் போய்விடும், நான்கு பேருக்காக முப்பது பேரைக் கெடுக்கலாமா என்றான். கொஞ்ச நாள் போகட்டும், பிறகு பேசிச் சரிசெய்யலாம் என்றான். செங்கொண்டை ஒன்றும் சொல்லவில்லை. அவன் அன்று வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

அப்படித்தான் நான்கு பேரும் புற்றுக்குப் பின்னால் போனார்கள். காரணம் என்னவென்று மண்ணாயி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், அதனால் பொறுத்துக்கொண்டாள். காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கிழங்கு தேடப் போய்விட்டு, முடியும் நேரத்தில் வந்து அழைத்துப் போவாள். ஆள்காட்டி இந்தப் பக்கம்தான் காவல் நின்றது. அந்தப் பக்கம் காவலுக்கு யாரும் இல்லை. அப்படி ஒன்று தேவை என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒருநாள் மழைப்பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து எண்ணிக்கைத் தாளம். நெடுவால் பாட, குட்டிகள் திருப்பிப் பாட, செங்கொண்டை மருதமரத்தில் கொத்தி அடித்தான். புற்றுக்குப் பின்னால் இருந்து நான்கு பேரின் மிதி கச்சிதமாக வந்துகொண்டிருந்தது.

திடீரென்று அது கலைந்தது. தாறுமாறாக, வேகமாக, கண்டபடி மிதித்தார்கள். செங்கொண்டைக்கு எரிச்சல் வந்தது.

"ஏய், யார் அங்க? தாளம் தப்புது. ஒழுங்கா மிதிங்க."

மிதி இன்னும் பலமானது. கீச்சுக் குரலும் கேட்டது. பாட்டோடு சேர்ந்துதான் கத்துகிறார்கள் என்று அவன் நினைத்தான். இந்தப் பக்கத்துக் குட்டிகளுக்கு எண்ணிக்கை விட்டுப்போகக் கூடாது என்று இன்னும் ஓங்கி அடித்தான். குட்டிகளும் ஓங்கிப் பாடின. கொஞ்ச நேரத்தில் புற்றுக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது.

"இப்பத்தான் சரி" என்றான் செங்கொண்டை.

பாட்டு முடிந்தது. அப்போது மண்ணாயி புற்றைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அங்கே உட்கார வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அவள் பின்னால் மூன்று பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

சுண்டுவைப் புற்றிலிருந்த சாரைப்பாம்பு விழுங்கிவிட்டது. மண்ணாயி வந்தபோது பாம்பின் வால்தான் புற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவையும் தும்பிதான் சொன்னாள்.  மண்ணாயி நேராக, குட்டிகளோடு வந்திருந்த கீரித்தாய் செம்பட்டையின் முன்னால் போய் நின்றாள்.

"நீ பாம்பைக் கொல்றவ. பத்து அடியில இருந்தே."

செம்பட்டை தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அது பொய் இல்லை. பாட்டுச் சத்தத்தில் யாருக்குமே கேட்கவில்லை.

பிறகு மண்ணாயி பாட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"வராதீங்கன்னு சொல்லியிருந்தா நாங்க வளையிலேயே கிடந்திருப்போம். வளைக்குள்ள என் பிள்ளை பத்திரமா இருந்தான். நீங்கதான் வீடு தேடி வந்து வான்னு கூப்பிட்டீங்க. கூப்பிட்டுட்டு, பாம்பு வாசல்ல உக்கார வச்சீங்க."

அவள் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெண்புருவன் மரத்திலிருந்து இறங்கி வந்தார். ரொம்ப வருத்தமான விஷயம் என்றார். பாம்புக்குப் பசி, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்றார். நாளைக்கு வகுப்பு வழக்கம்போல நடக்கட்டும், குட்டிகள் பயந்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

பாசிநாச்சி அவர் முன்னால் தாவி வந்து நின்றாள். அவள் தொண்டை புடைத்து நடுங்கியது.

"பாம்பு பசிக்குத் தின்னுச்சு. அந்தப் பிள்ளைய அதோட வாசல்ல உக்கார வச்சது எந்தப் பசி? உங்க நிழல் எங்களுக்கு வேண்டாம். இதுல உக்காந்து இனி ஒரு பாட்டு எங்க வாயில வராது."

தன் மரத்தடியில் நின்றுகொண்டு தன்னையே கேட்பதா என்று வெண்புருவன் பல்லைக் காட்டினார். இனி எந்தக் குட்டியும் இவர்களிடம் போகக் கூடாது என்று பெற்றோர்களுக்கு அங்கேயே கட்டளை போட்டார்.

மூவரும் கிளம்பினார்கள். போகும் வழியில் நெடுவால் புலம்பினான். நாம் சும்மாதானே சொல்லிக்கொடுத்தோம், நல்லதுதானே செய்தோம், நம்மை ஏன் அவள் அப்படிப் பேச வேண்டும் என்றான்.

செங்கொண்டை அவனை ஒரே கொத்தில் கொன்றுவிடுவான்போலத் திரும்பினான். "சும்மா கொடுத்தா? சும்மா கொடுத்தா யாரை வேணாலும் எங்க வேணாலும் உக்கார வைக்கலாமா? அந்தப் பிள்ளைங்க தரையை மிதிச்சு உதவிக்குக் கூப்பிட்டுச்சுங்க. நான் தாளம் தப்புதுன்னு திட்டினேன். அது நின்னதும் சரின்னு சொன்னேன்."  நெடுவால் தலையைக் குனிந்துகொண்டான். நான்கு பேரா முப்பது பேரா என்று கணக்குப் பார்த்தது தான்தான் என்பது அவன் நினைவுக்கு வந்தது.

மேற்குக் கரையில், அழுகல் ஒதுங்கும் மேட்டில், அவர்கள் வகுப்பைத் தொடங்கினார்கள். தொடங்கும் முன் மூவரும் சேர்ந்து ஒவ்வொரு புதரையும் பொந்தையும் பார்த்தார்கள். ஒரே வட்டம், யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்று கரையெங்கும் அறிவித்தார்கள். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் அந்த முயல்குட்டி வந்தது. அதன் தாய் வெண்புருவனின் கட்டளையைக் காதில் வாங்கவில்லை. பிறகு கீரிக்குட்டிகள் இரண்டு, தாய்க்குத் தெரியாமல் வந்தன. செம்பட்டை தேடிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் எழுந்துவரவில்லை. அவள் இழுக்கவும் இல்லை. மண்ணாயியின் வளைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

பெருச்சாளிப் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. செங்கொண்டை ஒவ்வொரு காலையும் அந்த வளை வாசலில் போய் நின்றான். மண்ணாயி உள்ளிருந்து மண்ணை வாரி அவன் மேல் வீசினாள். அவன் உதறிவிட்டு அப்படியே நின்றான். மன்னிப்புக் கேட்டான். அவளிடமிருந்து மறுபடியும் மண்தான் வந்தது.

பன்னிரண்டாம் நாள் மண்ணாயி வெளியே வந்தாள். பிள்ளைகள் மூவரும் கூட வந்தார்கள். வட்டத்தில் பாட்டு நின்றது. அவள் தும்பியை முன்னால் தள்ளினாள். மண்ணாயியின் உடம்பெல்லாம் கோபத்தில் சிலிர்த்திருந்தது.

"இவ தினமும் என்னை ஒண்ணு கேக்கறா. என்னால பதில் சொல்ல முடியல. உன்கிட்டயே கேக்கட்டும். நீ சொல்லு."

தும்பி செங்கொண்டையைப் பார்த்தாள்.  "நாங்க தாளம் தப்பிட்டோம்னுதான் தம்பி போயிட்டானா?"

செங்கொண்டை தாளம் கொத்திக்கொண்டிருந்த மரத்திலிருந்து இறங்கினான். தரையில், அந்த அழுகலில், அவள் முன்னால் உட்கார்ந்தான். எல்லாக் குட்டிகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்லம்மா. நீங்க தப்பவே இல்ல. நீங்க கூப்பிட்டீங்க, எனக்குத்தான் கேக்கல. உங்களை அங்க உக்கார வச்சப்ப நான் வாயைத் திறக்கல. தப்பு பண்ணினது நாங்க."

 தம்பி போன பிறகு தும்பி முதல்முறையாக அழுதாள்.

மண்ணாயி பிள்ளைகளை வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள். பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துகொண்டாள். சாகும்வரை அவள் மன்னிக்கவில்லை; மன்னிக்கும்படி அவர்களும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒருவரை வா என்று அழைத்துவிட்டு ஓரத்தில் உட்கார வைத்தால், எவ்வளவு நல்லதைக் கொடுத்தாலும் அது கொடை ஆகாது, கொடுமையே ஆகும்.