பின்னால் தள்ளுகிற எஞ்சின்

“எம் மக தள்ள மாட்டேன்னுட்டா, டீச்சர்.”

படியேறி வந்ததும் சுடலைமணி சொன்ன முதல் வார்த்தை அதுதான். செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு ரயில் ஓட்டும் விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பவள் அவள். வயது முப்பத்து நான்கு. அவளைவிட இருபது வயது மூத்த சுடலைமணியும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வேறு ஏதாவது வரும்.

“எப்ப?”

“போன ஞாயித்துக்கெழம. பாதி மலையில வண்டி நின்னுட்டு. பின்னால இருந்து ஒரு தள்ளு இல்ல. வேணும்னே விட்டுட்டா.”

மகள் மதிவதனி ஓசூருக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவர் போகாதே என்றார். அவள் போனாள். அதற்குப் பிறகு போனில், “சாப்ட்டியா?”, “சாப்ட்டேன்.” அத்தோடு சரி.

இந்த விளையாட்டில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, இரண்டு பேரும் ஒரே சரக்கு ரயிலில் இருந்தார்கள். அவர் இங்கிருந்து முன் எஞ்சினை ஓட்டுவார். அவள் அங்கிருந்து, முப்பது பெட்டிகளுக்குப் பின்னால், இன்னொரு டீசல் எஞ்சினில் தள்ளுவாள். அந்த மலையில் ஏற இரண்டும் வேண்டும்.

ஏழு வாரம் ஏறினார்கள். எட்டாவது வாரம் வண்டி நின்றது.

“கேட்டுட்டேன் டீச்சர். ஒனக்கு மனசு இல்லன்னா எதுக்குட்டி வாரேன்னு.”

“என்ன சொன்னா?”

சுடலைமணி குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

“அடுத்த வாரத்தோட போதும்ப்பான்னா.”

அந்த அடுத்த வாரம் இன்றைக்குத்தான். சுவரில் மணி மூன்றே கால்.

“அவள ஒழுங்காத் தள்ள வைக்க ஒரு வழி சொல்லுங்க.”

ஆவுடை கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த போன வார ஓட்டத்தைத் திறந்தாள். நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். திரையில் மலை வந்தது. தண்டவாளம், சிக்னல், தூரத்தில் சுரங்கப்பாதை. அவருக்குப் பழகிய முன் எஞ்சின்.

ஆவுடை ஒரு விசையைத் தட்டினாள்.

மலை காணாமல் போயிற்று. எஞ்சின் கண்ணாடி முழுக்க ஒரு துருப்பிடித்த பலகை.

“என்ன டீச்சர், படம் போயிட்டு?”

“படம் இருக்கே.”

“இது என்ன பலகை?”

“கடைசிப் பெட்டியோட முதுகு.”

சுடலைமணி இடது பக்கம் எட்டிப் பார்த்தார். பாறை. வலது பக்கம் பார்த்தார். புதர்.

“சிக்னல் எங்க?”

ஆவுடை பலகையை விரலால் காட்டினாள்.

“எங்க போறோம்னே தெரியலயே. இதுல உக்காந்தா அவ ஓட்டுதா?”



சுடலைமணி டீசல் அளவு காட்டும் முள்ளைத் தேடினார். எஞ்சின் ஓட்டுகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில்தான் இருந்தது. முள் அடியில் படுத்திருந்தது.

“இது காலியா கெடக்கே!”

“ஆமா.”

“எப்பத்துல இருந்து?”

ஆவுடை ஓட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தினாள். இரண்டாவது சுரங்கப்பாதைக்குப் பிறகு எஞ்சின் அணைந்திருந்தது. அதற்கு முன்னால், அடிவாரத்திலிருந்தே, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் விசைப்பிடி எட்டிலேயே நின்றது. எட்டுக்கு மேல் அந்த எஞ்சினில் கிடையாது.

“எட்டுல வச்சா தள்ளுனா?”

“ஏழு வாரமும் அப்படித்தான்.”

“நான்?”

ஆவுடை மறுபடி விசையைத் தட்டினாள். முன் எஞ்சின் வந்தது. அவருடைய பிடி ஐந்தில் இருந்தது. டீசல் முக்கால் டாங்க்.

சுடலைமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஐந்து ஐந்தாகவே இருந்தது.

“டீசல்தானா?” என்றார். பிறகு, “வெறும் டீசல்தானா டீச்சர்?”

இரண்டாவது முறை கேட்கும்போது குரலே மாறியிருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனதுபோல் நாற்காலியில் சாய்ந்தார். சிரிப்புக்கூட வந்தது.

“நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். மனசு விட்டுப்போச்சாக்கும்னு. கழுத, டீசல் போட்டாத் தீந்துது. அவளும் போட வேண்டியதுதான? நான் வாரா வாரம் அடிவாரத்துல நிறுத்தத்தான செய்யேன்?”

ஆவுடை ஓட்டத்தை அடிவார ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே ஒரே ஒரு டீசல் பம்ப். அவருடைய எஞ்சின் அதற்கு நேராக, ஒரு சாண் பிசகாமல் நின்றது. டீசல் ஏறிக்கொண்டிருந்தது.

“நல்லா நிறுத்துறீங்க” என்றாள்.

“அதுல நான் தப்பு விட மாட்டேன்.”

விசையைத் தட்டினாள்.

பலகை. இடது பக்கம் புதர். வலது பக்கம் ஒரு மதகு. பம்ப் எங்கே என்று எட்டி எட்டிப் பார்த்தார். பம்ப் முப்பது பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சிரிப்பு நின்றது.

அந்த இடத்தில் ஒவ்வொரு வாரமும் காதில் கேட்ட மகளின் குரல் இப்போதுதான் அவருக்குச் சரியாகக் கேட்டது. “அப்பா, வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்களேன்.” அவர் சொன்ன பதிலும் கேட்டது. “இங்கயே நல்லாத்தான் நிக்கி. மலை வருது, பேசாத.”

“ஏழு வாரமா இருந்த டீசல வச்சே தள்ளிருக்கா” என்றார்.

ஆவுடை எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

நாலு மணிக்கு ஹெட்செட்டில் மதிவதனியின் குரல் வந்தது.

“வந்துட்டேம்ப்பா.”

“ம்.”

போன வாரம் நின்றுபோன வண்டியை விளையாட்டே அடிவாரத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. ஆனால் டாங்கில் புதிதாக டீசல் ஏறவில்லை. சமதரையில் முன் எஞ்சின் மட்டும் போதும். சுடலைமணி மெல்ல இழுத்தார்.

பம்ப் வந்தது. அவர் கை பிரேக் பக்கம் தானாகப் போயிற்று. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பம்ப் அவர் ஜன்னலைக் கடந்து போனது. ஒரு பெட்டி தாண்டியது. பத்துப் பெட்டி. அவருடைய எஞ்சின் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து, ஒன்றுமில்லாத ஒரு பொட்டலில் ஊர்ந்தது.

“அப்பா, பம்பத் தாண்டிட்டீங்க.”

“தெரியும்.”

முப்பதாவது பெட்டியும் தாண்டியதும் நிறுத்தினார். பிரேக்கை முழுசாகப் போட்டார்.

ஹெட்செட்டில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று ஆவுடையைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“பம்ப் என் ஜன்னலுக்கு நேரா நிக்கி.”

“போட்டுக்கோ.”

“உங்களுக்கு?”

“எனக்கு நெறைய கெடக்கு.”

டீசல் இறங்கும் சத்தம் கேட்டது. அந்த விளையாட்டில் காலி டாங்க் நிறையப் பதினோரு நிமிஷம் ஆகும்.

“பின்னால இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாதுப்பா” என்றாள். “ஒரு பலகதான்.”

“பாத்தேன். துருப்பிடிச்ச பலக.”

“எப்பப் பாத்தீங்க?”

“இன்னைக்குத்தான்.”

மறுபடி டீசல் சத்தம். பிறகு அவள் கேட்டாள்.

“அப்பா, அடுத்த வாரம் முன்னால நான் ஓட்டட்டா? நீங்க தள்ளுதீங்களா?”

சுடலைமணி என்னவெல்லாமோ சொல்ல வாயைத் திறந்தார்.

“அடுத்த வாரமா?” என்றுதான் வந்தது.

“ஆமா. ஏன், வேற சோலி இருக்கா?”