இறக்கம் தொடங்கும் இடம்

"இன்னும் கொஞ்சம் பெலன் வேணும் அம்மா," என்றார் பரராசசிங்கம். "வேறை ஒண்டும் கேக்க வரேல்லை."

யோகாம்பிகை அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், தெருவோரம் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப் பெலன்?"

"இழுக்க."

கனடாவின் மேற்கே, மலை ஏறி வந்த நெடுஞ்சாலை மூச்சு வாங்கிவிட்டு இறங்கத் தொடங்கும் இடம் அது. அங்கே கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில்தான் அம்மா இருந்தார். சனம் ஆசி கேட்டு வரும் சாமியார்தான், ஆனால் காவி கிடையாது, மாலை கிடையாது. கம்பளித் தொப்பியும் தடித்த ஜாக்கெட்டும்தான். வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. பரராசசிங்கத்துக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் இந்த வழியால் போகும்போதெல்லாம் அம்மாவின் முன்னால் வந்து உட்காருவார். இவர் அவரை அம்மா என்பார். அம்மா இவரை அண்ணை என்பார்.

அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். பரராசசிங்கம் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

வசந்தத்தில் அவருடைய தாய் இறந்துபோனார். சமவெளியில், தாய் இருந்த வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தம்பிமார் இரண்டு பேர், தங்கச்சி ஒருத்தி. வீட்டில் இருந்த எதையும் எறியக் கூடாது என்பதில் மூவரும் ஒரே பிடி. எதையும் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதிலும் ஒரே பிடி. கடைசியில் ஒருத்தர் சொன்னதை மற்ற இருவரும் சொன்னார்கள். அண்ணை வைச்சிருக்கட்டும்.

அண்ணை சரி என்றார். தகப்பன் போன நாளிலிருந்து அவர் சொல்லி வந்த சொல் அது ஒன்றுதான்.

அம்மி, குழவி, தையல் மெஷின், இரும்பு அலுமாரி, பித்தளைக் குத்துவிளக்குகள். அவற்றுக்கு நடுவே தம்பிமார் பழைய பெட்டிகளையும், தங்கச்சி தன் பிள்ளைகள் படித்துமுடித்த புத்தகங்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம், மலைக்கு அப்பால் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுபோவதற்காக, அவருடைய ட்ரெயிலருக்குள் போனது. பின்னால் கொக்கியில் தொங்கிக்கொண்டு வருகிற வகை இல்லை அது. கழுத்தை நீட்டி, இழுக்கும் பிக்கப் வண்டியின் பின் தொட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வருகிற பெரிய வகை. பிக்கப்போ, அரை டன் என்று சொல்லப்படும் சாதாரண வண்டி.

இந்த மலைக்கு முன்னால் இன்னொரு மலை இருந்தது. அதன் இறக்கத்தில், ஒரு வளைவில், பரராசசிங்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினார்.

சக்கரம் திரும்பியது. வண்டி திரும்பவில்லை.

எதிரே மரம் ஏற்றிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. லொறிக்காரன் ஓரத்துச் சரளைக்குள் இறங்கி வழி விட்டான். பிறேக் கருகிய மணம் வண்டிக்குள் கிடந்தது. அடுத்த ஊர் வரும்வரை பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி பவளராணி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வந்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நாளைக் காலை பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது பரராசசிங்கத்துக்கு.

"களைச்சுப் போனன் அம்மா," என்றார். "நித்திரை கொண்டாலும் தீராத களை."

அம்மா தலையை ஆட்டினார்.

"ஒண்டு மட்டும் சொல்ல வேணும். ஸ்டியரிங் பூ மாதிரிக் கிடக்கு. ஒரு விரலாலை திருப்பலாம். உங்கடை அருள்தான் எண்டு நினைச்சன்."

அம்மா எழுந்தார்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிக்கப்பின் பின் சக்கரத்துக்கும் அதன் மேலே வளைந்த தகட்டுக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தார். விரல் நுழைந்தது. கை நுழையவில்லை.

மலையில் மேகம் இறங்கி, பின்னேரமே மங்கிப்போயிருந்தது.

"லைற்றைப் போடுங்கோ."

பரராசசிங்கம் ஏறிப் போட்டார். வெளிச்சம் தெருவில் விழவில்லை. எதிர்ப்பக்கத்து ஊசியிலை மரங்களின் உச்சியில் போய் விழுந்தது.

"அங்கை ஆரைத் தேடுறியள், அண்ணை?"

வழி நெடுக எதிரே வந்தவர்கள் தங்கள் லைற்றை அணைத்து அணைத்துப் போட்டது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கு என்ன அவசரமோ என்று எண்ணியிருந்தார்.

இறங்கிவந்து, ட்ரெயிலரை விற்றவன் இந்தப் பிக்கப் அதை இழுக்கும் என்று உறுதியாகச் சொன்னதை அம்மாவிடம் சொன்னார்.

"இழுத்துதா?"

"இழுத்தது."

"அப்ப அவர் பொய் சொல்லேல்லை."

அம்மா ட்ரெயிலரின் கழுத்து வந்து குந்தியிருந்த இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இது?"

பரராசசிங்கம் பார்த்தார். எத்தனையோ முறை பார்த்த கழுத்துத்தான். தான் இழுப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு தன் முதுகிலேயே ஏறி இருந்ததை இப்போதுதான் கண்டார். பிக்கப்பின் பின்பக்கம் அமிழ்ந்து, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

அம்மா முன்சக்கரத்தைக் காலால் தட்டினார்.

"தெருவைத் தொடுது. பிடிக்கேல்லை."

ஒரு பஸ் ஏறிவந்து, அவர்களைக் கடந்து, இறக்கத்துக்குள் மறைந்தது.

"அதுதான் பெலன் கேக்கிறன்," என்றார் பரராசசிங்கம்.

அம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது ஓர் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். கீழே பள்ளத்தாக்கில் பழம் பிடுங்கும் சனம் இருக்கிறது, அவர்களுடைய சமையலுக்கு இதைச் சேர்க்க வேண்டும் என்றார்.

"கொண்டுபோறியளே?"

"ஓம் அம்மா."

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டுபோய்ப் பின் சீற்றில் வைத்தார். திரும்பி வந்தால் இன்னொரு மூட்டை வாசலில் இருந்தது. அதையும் வைத்தார். பிறகு பருப்பு. பிறகு உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றையும் வைக்கும்போது பிக்கப் மெல்ல முனகியது. சீற்று நிறைந்ததும் தொட்டியின் மூலைகளில் வைத்தார். முழங்கால் நொந்தது. அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஓம் என்றுகொண்டே இருந்தார்.

இது தவறு என்று தெரிந்திருந்தது. சற்று முன்னர்தான் அம்மாவே காட்டித் தந்திருந்தார். ஆனாலும் கேட்கிறவர் அம்மா. கேட்கிறவர் எப்போதும் யாரோ ஒருவர்தான். தாய், தம்பி, தங்கச்சி, கோயில் சபைக்காரர். கேட்டுவிட்ட பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அந்தச் சொல்லை வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை.

கடைசியாக அம்மா ஒரு பழைய இரும்பு அடுப்பை வாசல்வரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இதையும்."

பரராசசிங்கம் அதைப் பார்த்தார்.

"மற்றப் பக்கம் பிடியுங்கோ, அண்ணை."

குனிந்தார். இரண்டு கையாலும் அடியைப் பிடித்தார். தூக்க முடியாது என்றில்லை. தூக்கியிருப்பார். அவருடைய முதுகு இதைவிடப் பெரியதெல்லாம் தூக்கியிருக்கிறது. ஆனால் குனிந்த இடத்திலிருந்து பிக்கப்பின் பின் சக்கரம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. தகடு சக்கரத்தின்மேல் வந்து படுத்துவிட்டது. சக்கரம் பிதுங்கி, இனி இடமில்லை என்று நின்றது.

அவர் கை அடுப்பிலேயே இருந்தது.

"ஏலாது," என்றார்.

"என்ன சொன்னியள்?"

கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஏலாது அம்மா."

யோகாம்பிகை அம்மா அடுப்பிலிருந்து கையை எடுத்தார். தொடையில் துடைத்துக்கொண்டார்.

"சரி," என்றார். தேத்தண்ணி வைக்க உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான். பரராசசிங்கம் அங்கேயே நின்றார். இன்னும் ஏதோ வரவேண்டும் என்பதுபோல் காத்து நின்றார். ஒரு கடுஞ்சொல், ஒரு முகச்சுளிப்பு, இவ்வளவு செய்துவிட்டு இதைச் செய்யமாட்டாயா என்று ஒரு கேள்வி. உள்ளே கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. வேறொன்றும் வரவில்லை.

அடுப்பின் மேலேயே உட்கார்ந்தார். கொஞ்சம் அழுதார். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பார்க்காததுபோல் மறுபடி உள்ளே போனார்.

பிறகு எழுந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அன்றைக்கு அங்கேயே படுத்தார். நல்ல நித்திரை.

காலையில் ட்ரெயிலரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். அதன் கால்களை இறக்கி நிலத்தில் ஊன்றவைத்தார். கழுத்தின் பூட்டை விடுவித்து, பிக்கப்பை மெதுவாக முன்னே எடுத்தார். பாரம் கழன்றபோது பிக்கப்பின் முதுகு ஒருமுறை எழுந்து தாழ்ந்தது.

ட்ரெயிலர் இங்கே நின்றால் அம்மாவுக்கு இடைஞ்சல் இல்லையா என்று கேட்டார்.

"நிக்கட்டும். அதை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டினம்."

கும்பிட்டார். அம்மா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

புறப்படுவதற்கு முன் பரராசசிங்கம் பிக்கப்புக்குள் இருந்தபடி நெடுநேரம் தொலைபேசியில் பேசினார். முதலில் பெரிய தம்பியோடு, பிறகு சின்னவனோடு, கடைசியாகத் தங்கச்சியோடு. குரலை உயர்த்தவில்லை. ஒரே விஷயத்தைத்தான் மூன்று பேருக்கும் சொன்னார். பேசி முடித்து, எஞ்சினை முடுக்கி, வந்த வழியே திரும்ப ஓட்டினார்.

ஸ்டியரிங் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பவளராணி பஸ் தரிப்பிடத்து மர வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிக்கப் வந்து நின்றதும் எழும்பவில்லை. அதன் பின்னால் பார்த்தார். அங்கே வெறும் தெருதான் இருந்தது.

"எங்கை அது?"

"மேலை நிக்குது."

"அப்ப ஆர் இறக்கிக்கொண்டு வாறது?"

"ஆருடைய சாமானோ, அவையே வந்து இறக்கட்டும்."

பவளராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை எங்கோ கண்டிருக்கிறேனே என்பதுபோல.

"அவைக்குச் சொல்லிப்போட்டியளே?"

"சொன்னன்."

"என்ன சொன்னவை?"

பரராசசிங்கம் எட்டி அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"கோவிச்சவை," என்றார். "நீர் வண்டியிலை ஏறும்."