ஸ்டூல் போட்ட பக்கம்

இடைவேளை விசில் கேட்டதும் தனபால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடினார். பாதி வழியில் ஹில்டா மேடம் மறித்தார்.

“எங்கண்ணே இந்த ஓட்டம்?”

“அந்தக் கோடிக்கு மேடம். இனிமே நம்ம பொண்ணுங்க அந்த கோல்லதானே அடிக்கும்.”

மகளிர் கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தனபால், அந்தக் கல்லூரியின் கால்பந்து அணிக்கு இருக்கும் ஒரே ரசிகர். ஹில்டா அணியின் பயிற்சியாளர். தனபாலைவிட இருபது வயது சின்னவர். ஆனால் பந்து விஷயத்தில் அவர் சொல்லிவிட்டால் தனபாலுக்கு மறுபேச்சில்லை.

கோல் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் தனபாலுக்கு. அதனால் எப்போதும் எதிரணியின் கோலுக்குப் பின்னால்தான் ஸ்டூல் போடுவார். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ஸ்டூலும் மாறும். இது வெறும் பயிற்சி ஆட்டம்தான். அதற்காகப் பழக்கத்தை விட முடியுமா?

“மேடம், ஒண்ணு கேக்கணும். அடுத்த வாரம் லீக். பேப்பர்ல எல்லா காலேஜைப் பத்தியும் எழுதியிருக்கான், நம்ம பேரை மட்டும் காணோம். டீக்கடை கலியமூர்த்தி அதைக் கடைக்கு வர்றவன் போறவன்கிட்டல்லாம் படிச்சுக் காட்டுறான். முதல் மேட்ச்சுல தோத்தா மீசையை எடுக்கறியாங்கறான்.”

“எடுக்கறேன்னுட்டீங்களா?”

“உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன். இந்த வருஷம் ஜெயிப்போமா?”

ஹில்டா அவர் மீசையைப் பார்த்தார்.

“இந்தப் பாதி மட்டும் இடம் மாறாதீங்க. முதல்ல உக்காந்த இடத்துலயே போய் உக்காருங்க.”

“அங்க நம்ம கோல்கீப்பர்ல நிக்கும்?”

“ஆமா.”

தனபால் திரும்பி நடந்தார். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்த வளர்மதி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னண்ணே, வழி தவறிட்டீங்களா?”

“மேடம் உக்காரச் சொன்னாங்க.”

“உக்காருங்க. பந்து வந்தா குனிஞ்சுக்கங்க.”

அவள் குரலை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அதன்பின் அது நிற்கவேயில்லை.

“செல்வி, இடது பக்கம் வா. இன்னும் வா. ஏய், உன் முதுகுக்குப் பின்னால ஒருத்தி! அவளை விடாத. விடாதடி!”

பந்து எங்கோ நடுவில் கிடந்தது. இவள் யாரிடம் பேசுகிறாள் என்று தனபாலுக்கு முதலில் புரியவில்லை. பிறகு செல்வி இரண்டடி நகர்ந்ததும், பந்தோடு வந்தவள் அடிக்க இடமில்லாமல் திரும்பிப் போவதைப் பார்த்தார்.

ஒரு பந்தை வளர்மதி பாய்ந்து விரல் நுனியால் தள்ளினாள். ஒன்றை முட்டியில் வாங்கினாள். ஒன்று வலைக்குள் போனது. அதை எடுத்து வீசிவிட்டு, முழங்கை மண்ணைத் தட்டியபடி மறுபடி கத்தத் தொடங்கினாள்.

தூரத்துக் கோடியில் கூச்சல் எழுந்தது. தனபால் ஸ்டூல்மேல் ஏறி நின்றார். ஒன்றும் தெரியவில்லை.

“என்னம்மா ஆச்சு?”

“தெரியலண்ணே. கட்டிப் பிடிச்சுக்கறாளுங்க. நம்ம கோல்தான்.”

“யார் போட்டது?”

“வந்து சொல்லுவாளுங்க.”

வளர்மதி தனியாக நின்று கைதட்டினாள். கையுறை போட்ட கை, சத்தமே வரவில்லை.

ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்கு இரண்டு என்று தோல்வி. தனபால் ஸ்டூலோடு ஹில்டாவிடம் வந்தார்.

“மேடம், நான் கேட்டதுக்குப் பதில் வரலையே. கலியமூர்த்தி கடையைச் சாத்தறதுக்குள்ள நான் சொல்லியாகணும்.”

“நம்ம கோல்ல எத்தனை விழுந்துச்சு?”

“ரெண்டு. முதல் பாதியில ஒண்ணு, இப்ப ஒண்ணு.”

“விழாம போனது?”

தனபால் விரல் விட்டு எண்ணினார். விரல் நுனியில் பட்டது. முட்டியில் பட்டது. பிறகு செல்வி நகர்ந்தாளே, அதனால் அடிக்கப்படாமலே போன பந்து? அதை எதில் சேர்ப்பது? முதல் பாதியில் என்னென்ன போயிற்றோ, அப்போது அவர் அந்தக் கோடியில் இல்லை. இத்தனை வருஷமும் இல்லை. மடக்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எண்ணி முடிச்சுட்டு வாங்கண்ணே,” என்றார் ஹில்டா. “அப்புறமா மீசையைப் பத்திப் பேசுவோம்.”

லீக்கின் முதல் ஆட்டத்துக்குக் கலியமூர்த்தியும் வந்திருந்தார். “யோவ், மீசை என்னய்யா ஆச்சு?” என்று வேலியோரம் நின்று கத்தினார். தனபால் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

நடுவர் நாணயத்தைச் சுண்டினார். வளர்மதி கையுறையை மாட்டிக்கொண்டு கிழக்கே இருந்த கோலை நோக்கி நடந்தாள்.

தனபால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்.