பாதிக் கூட்டைக் காட்டிய குருவி

குருவியும் ஓணானும் நம்மைப் போலவே பேசித் திரிந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிகள் கூட்டை முழுசாகக் கட்டி முடித்த பிறகுதான் பெண்ணைக் கூப்பிடும். நம் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவார்கள். குருவிகளிலோ பெண்தான் வந்து வீடு பார்ப்பாள். வீடு பிடித்தால்தான் கல்யாணம். பிடிக்காவிட்டால், மாப்பிள்ளை எவ்வளவு மஞ்சளாக மின்னினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது.

ஒரு தோட்டத்துக் கிணற்றின்மேல் சாய்ந்து வளர்ந்த கருவேல மரத்தில் செங்கோடன் என்றொரு ஆண் குருவி இருந்தான். அவனைப் போல உழைப்பாளியை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. விடிவதற்குள் கரும்புக் காட்டுக்குப் போய்விடுவான். பச்சைத் தோகையைக் கவ்வி, நீளமாக ஒரு நார் கிழித்து, அதை அலகில் பிடித்தபடியே பறந்து வந்து முடிச்சுப் போடுவான். மறுபடியும் பறப்பான். மற்ற ஆண் குருவிகள் வெயில் ஏறியதும் கிளையில் கூடி ஊர்க்கதை பேசும். இவன் அந்தப் பக்கமே போக மாட்டான். பேச வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் நார் கிணற்றுக்குள் விழும். அதனால் பேச்சு என்றாலே அவனுக்கு வீண் பொழுது.

ஆடிக்கு முன்பே அவன் முதல் கூட்டை முடித்துவிட்டான். ஒரு பெண் குருவி வந்தாள். உள்ளே போனாள், கொஞ்ச நேரம் இருந்தாள், வெளியே வந்து பறந்து போய்விட்டாள். ஏன் போகிறாய் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்போதும் அவன் வாயில் ஒரு நார் இருந்தது, வாசலில் எங்கேயோ ஒரு முடிச்சு மிச்சம்.

'இன்னும் நேர்த்தி வேண்டும் போலிருக்கிறது' என்று அவனே முடிவு செய்தான். பக்கத்துக் கிளையில் ஓர் ஓணான் படுத்திருந்தது. அதை ஒரு பார்வை பார்த்தான். ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எதற்குத்தான் தலையாட்டாது? ஆனால் செங்கோடனுக்கு அதுவே போதும். காய்ந்த கூட்டைப் பிரிக்கப் பார்த்தான், நார் ஒடிந்தது. அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னும் நெருக்கமான முடிச்சுகளோடு, வாசல் குழாயை இன்னும் நீளமாக இறக்கி, இரண்டாவது கூட்டைக் கட்டினான். இறக்கை வலித்தது. பார்த்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

பாவாயி என்ற பெண் குருவி வந்தாள். உள்ளே போனாள். வந்தாள். அவளும் போய்விட்டாள்.

அன்றைக்கு அவன் அழுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷமும் அவன் தனியாகத்தான் இருந்தான். மழை கனப்பதற்குள் முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, பறக்கவும் பழக்கியாக வேண்டும். இப்போது தொடங்கினாலும் இன்னும் ஒரு கூட்டுக்குத்தான் பொழுது இருந்தது. இதுவும் போனால் இந்த வருஷமும் அவனுக்குக் குடும்பம் இல்லை. அதனால் முன்னைவிட வேகமாக மூன்றாவது கூட்டைத் தொடங்கினான்.

கூரை முடிந்தது. கூரைக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, உட்கார ஊஞ்சல் போல ஒரு பட்டையும் முடிந்தது. இரண்டு பக்கமும் இன்னும் திறந்தே கிடந்தது. அப்போதுதான் காற்று பலமாக வீசியது. அந்த வழியாகப் பறந்த பாவாயி தடுமாறி, மூச்சு வாங்க அந்தப் பட்டையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

செங்கோடனுக்கு மானம் போயிற்று. அரைகுறை வேலையை ஒரு பெண் பார்ப்பதா? விரட்டவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. வாயில் நார். அலகைத் திறக்காமல் என்னவோ முனகினான்.

"என்னங்க சொல்றீங்க? ஒண்ணும் வெளங்கலீங்க" என்றாள் பாவாயி.

அவன் நாரைப் பார்த்தான். அன்றைக்குக் கிழித்ததிலேயே நீளமான நார் அது. வாயைத் திறந்தான். நார் சுழன்று சுழன்று போய்க் கிணற்றுத் தண்ணீரில் விழுந்தது.

"இன்னும் முடியலீங்க. கட்டி முடிச்சுட்டுக் கூப்புடலாம்னு இருந்தனுங்க" என்றான். சொல்லிவிட்டு, திறந்த வாய் திறந்தபடியே இருக்க, வந்தது வரட்டும் என்று கேட்டுவிட்டான்: "போன வீடு ஏனுங்க புடிக்கல?"

"வீடு நெம்ப நல்லா இருந்துச்சுங்க. அந்த மாதிரி முடிச்சு நான் எங்கியும் பாத்ததில்லீங்க. ஆனா வாசல மேக்கால வெச்சுட்டீங்களே! உள்ள உக்காந்தா ஆடிக் காத்து மூஞ்சிலயே அடிக்குது. முட்டை குளுந்து போயிருமுங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. வாயில நார வெச்சுட்டு நிக்கறவருகிட்ட என்னன்னு போயிச் சொல்றது?"

செங்கோடனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு கூடு, அத்தனை நாள், அத்தனை முடிச்சு. எல்லாம் தப்பான பக்கத்தில்! இப்போதும் மேற்குப் பக்கத்தைத்தான் அவன் வாசலுக்கு விட்டிருந்தான்.

பாவாயி பட்டையில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க. ரெண்டு பக்கமும் தெறந்துதான கெடக்குது? மேக்கால முட்டை ரூம்பக் கட்டி அடைச்சுருங்க. கெழக்கால வாசல எறக்குங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அவன் கரும்புக் காட்டுக்குப் பறந்தான். பாவாயி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் வரும்போதெல்லாம் "இன்னுங்கொஞ்சம் அகலமா", "இங்க போதுமுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்னெல்லாம் ஒவ்வொரு முடிச்சையும் தடவித் தடவிப் பார்ப்பவன், இப்போது தேவையான இடத்தில் மட்டும் கவனம் வைத்தான். மத்தியானத்தில் கிளையில் சும்மா உட்காரக்கூட அவனுக்கு நேரம் கிடைத்தது! வெளியே காற்று ஊளையிட, உள்ளே பாவாயி கதகதப்பாக முட்டை வைத்தாள். மழை கனத்தபோது குஞ்சுகள் கிளை கிளையாகத் தாவிக்கொண்டிருந்தன.

"அரைகுறை வேலையக் காட்டிக் கல்யாணம் பண்ணிக்கிட்டானப்பா" என்று மற்ற ஆண்கள் முதலில் கேலி செய்தார்கள். அடுத்த ஆடியில் ஒருவர் விடாமல் அதையே செய்தார்கள்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி கூரையும் பட்டையும் முடிந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, அதில் தொங்கிச் சிறகடித்துப் பெண்ணைக் கூவி அழைக்கிறது. அவள் சரி என்றால் மிச்சத்தைக் கட்டும், வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிடும். கிணற்று மரத்தில் பாதியோடு தொங்கும் கூட்டைக் கண்டால் யாரோ ஒரு சோம்பேறி விட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள். நேரத்தோடு கேட்டு, நேரத்தோடு பதில் வாங்கிக்கொண்டவன் அடுத்த கிளையில் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருப்பான்.