உப்பைப் பற்றி ஒரு வெண்பா

ஐம்பதை நெருங்கும் வயதில் அம்பலவாணன் ஏறிவந்த வண்டி குடை சாய்ந்து, அவன் தலை கல்லில் மோதியது. அதுவரை அவன் நாடறிந்த அவதானி. சபை நடுவில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எட்டு வேலைகளைக் கவனிப்பான். ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் பூ எறிவார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், இன்னொருவர் வெண்பா கேட்பார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பிசகாமல் பதில் சொல்லிவிடுவான்.

காயம் ஆறி வருஷங்கள் ஆகிவிட்டன. தழும்பை முடி மூடிவிட்டது. அதுவே வினையாகப் போயிற்று. ஆள் நன்றாகத்தானே இருக்கிறான், எல்லாம் சோம்பல் என்று ஊர் பேசியது. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் அவனுக்கு ஒன்றும் பிடிபடாது, காலையில் கேட்டது மதியம் நினைவில் இருக்காது, முணுக்கென்று கோபம் வரும். இதெல்லாம் வீட்டாருக்குத்தான் தெரியும். விடியுமுன் எழுந்து எட்டையும் பழகுவான். தலை கனத்துப் படுத்துவிடுவான்.

ஒருநாள் தன் ஆசிரியை அங்கயற்கண்ணி அம்மையிடம் போய் நின்றான்.

“அம்மா, நான் எப்போது பழையபடி ஆவேன்?”

“ஆக மாட்டாய். பௌர்ணமிக்குச் சபை கூட்டியிருக்கிறேன். வந்து உட்கார்.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் அவர் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. போனான்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மணி அடித்தது, முதுகில் பூ விழுந்தது, கணக்கு வந்தது. அவ்வளவுதான், அவனுக்கு எல்லாம் கலங்கிப்போயிற்று. ஆசிரியையைப் பார்த்தான். அவர் பாட்டுக்கு விசிறிக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஓடவில்லை. கையை உயர்த்தினான்.

“மணியை நிறுத்துங்கள். பூவும் வேண்டாம். ஒருவர் மட்டும் கேளுங்கள். மெதுவாகத்தான் சொல்வேன்.”

சிலர் சிரித்தார்கள். உப்பு வியாபாரி ஒருவர் எழுந்து, கடலைப் பற்றி ஒரு சொல்லும் வராமல் உப்பைப் பாடச் சொன்னார்.

முதல் அடி வருவதற்குள் கூட்டம் நெளிந்துவிட்டது. வந்த அடியை ஆளாளுக்கு வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது இன்னும் தாமதித்தது. அடுத்து எப்படி வரும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் பந்தயம் கட்டியவர்களும் உண்டு. நான்காவது அடி வந்து விழுந்தபோது மண்டபமே எழுந்து நின்றது. உப்பு வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை பாடும்படி கேட்டார்.

அம்பலவாணன் வாயைத் திறந்தான். ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

பின்னாலிருந்து யாரோ முதல் அடியை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான்காவது அடியை மண்டபம் முழுவதும் பாடியது. கலைந்து போனவர்கள் தெருவிலும் அதையே பாடிக்கொண்டு போனார்கள்.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு குறை அரித்தது.

“நான் கட்டிய பாட்டு எனக்கே நினைவில்லையே அம்மா.”

அவர் விசிறியைக் கீழே வைத்தார்.

“எட்டும் உன் நினைவில் நின்ற காலத்தில், உன் பாட்டு ஒன்றாவது இந்த ஊருக்கு நினைவிருந்ததா?”